இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஏழு

கோப்பாயில் அந்தச் சின்னப் புரட்டஸ்தாந்துத் தேவாலயத்தின் சுவரில் பத்துக் கட்டளைகளையும் எழுதி முடித்துவிட்டு, கனிசியஸ் ஏணியால் இறங்கியபோது வியாழக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது. புதிதாகப் பூசிய சுவரில் இரண்டு கற்பலகைகளை வரைந்து, அவற்றின் மேல் நீலப் பெயின்றில் எழுதியிருந்தான். இடப்பக்கப் பலகையில் மூன்று கட்டளைகள், வலப்பக்கத்தில் ஏழு. ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டு விழா. அதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.

கனிசியஸ் மயிலிட்டிக்காரன், கத்தோலிக்கன். துறைமுகத்தில் நிற்கும் வள்ளங்களில் பாதிக்குப் பெயர் எழுதியவன் அவன்தான். கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் புறப்படும் அவசரத்தில் போதகர் ஜெயதீபன் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “பத்துக் கட்டளை உங்களுக்கும் தெரியும்தானே. வடிவா எழுதிவிடுங்கோ.” கனிசியசுக்கு நன்றாகவே தெரியும். புதுநன்மை எடுக்கும் சின்ன வயதில் கோயிலில் பாடமாக்கியது. நித்திரையில் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்லுவான்.

சபையின் செயலாளர் அருமைநாயகி ரீச்சர், முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து, சுவரின் முன் நின்று விரலை மடக்கி மடக்கி வாசித்தார். கோப்பையை அவனிடம் கொடுக்கவில்லை.

“தம்பி, ரெண்டாம் கட்டளை எங்கை?”

“அந்தா இருக்கு ரீச்சர். ஆண்டவற்ரை பேரை வீணாச் சொல்லக்கூடாது எண்டு.”

“அது மூண்டாவது.”

“இல்லை ரீச்சர், மூண்டாவது ஓய்வுநாள்.”

“அது நாலாவது.”

கனிசியஸ் சுவரைப் பார்த்தான். ஒன்றும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. பத்து வரை எண்ணிக் காட்டினான்.

“சிலை செய்யக்கூடாது எண்டதை விட்டுட்டீர்” என்றார் ரீச்சர். “அதுதான் ரெண்டாவது. ஆசைப்படக்கூடாது எண்ட கடைசிக் கட்டளையை ரெண்டாப் பிரிச்சு, ஒன்பது பத்து எண்டு போட்டு, கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறியள். உங்கடை ஆக்களுக்குச் சிலை வேணும். அதுக்காக மறைச்சுப் போட்டியள்.”

“நாங்கள் ஒண்டையும் மறைக்கேல்லை. அது முதலாவதுக்குள்ளை அடக்கம். பிரிச்சதும் நியாயம்தானே. பிறத்தியான்ரை மனுசியையும் மாட்டையும் ஒரே கட்டளைக்குள்ளை போடலாமோ?”

ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு கோப்பையை நீட்டினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. சுவர் மாறத்தான் வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ‘மறைச்சுப் போட்டியள்’ என்ற சொல்தான் கனிசியசைக் குத்திக்கொண்டிருந்தது. ஊர்க் கோயில் அந்தோனியார் சிலைக்கு வருடம் தவறாமல் வர்ணம் தீட்டுகிறவன் அவன். சிலை செய்யாதே என்று அதே கையால் எழுதுவதா? மனைவி பிரதீபாவிடம் சொன்னான். அவள் வாதாடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, வேதபுத்தகத்தை எடுத்து அவன் முன் விரித்தாள்.

“புத்தகத்திலை என்ன கிடக்கு எண்டு முதல் பாருங்கோவன்.”

யாத்திராகமத்தில் அந்த வரி இருந்தது. அவர்களுடைய புத்தகத்திலேயே, முழுதாக. சிலை செய்யாதே என்பதோடு அது நிற்கவில்லை. அதை விழுந்து கும்பிடாதே என்றும் போனது. கனிசியஸ் இரண்டு முறை வாசித்தான். கட்டளைகளுக்கு இலக்கம் எங்கே என்று தேடினான். ஒன்று, இரண்டு என்று ஒரு இடத்திலும் போட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேதபுத்தகத்தைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். ரீச்சர் அவனுக்கு முன்னமே வந்து முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய வேதாகமம், கையில் ஒரு கொப்பித்தாள்.

“தம்பி, ஒரு விசயம்” என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. “இரவு நான் எண்ணிப் பாத்தன். செய், செய்யாதே எண்டு வாறதை எல்லாம் எண்ணினால் எனக்குப் பதின்மூண்டு வருகுது. எப்பிடிக் கூட்டினாலும் பத்து வரேல்லை.”

கனிசியஸ் வாய்விட்டுச் சிரித்தான். ரீச்சரும் சிரித்தார். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவருடையதில் கர்த்தர், இவனுடையதில் ஆண்டவர். மற்றப்படி சொன்ன விசயம் ஒன்றுதான்.

“மறைச்சது எண்டு சொன்னது பிழை” என்றார் ரீச்சர். “உம்மடை புத்தகத்திலை வடிவாக் கிடக்கு. மன்னிச்சுக்கொள்ளும்.”

போதகருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். பாதிச் சொல் காதில் விழவில்லை. “ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஏதாவது ஒண்டை எழுதுங்கோ” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இலக்கம் போடாமல் விட்டால் என்ன?” என்றார் ரீச்சர், மனமில்லாமல்.

“வேண்டாம் ரீச்சர். இது உங்கடை கோயில், உங்கடை கணக்குப்படியே எழுதுவம். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஆறு. ஆனால் சிலையைப் பற்றினதை நான் முழுசா எழுதுவன். கும்பிடாதே எண்ட இடம் வரைக்கும்.”

“நீளம் கூடிப்போம். சிலை செய்யாதே எண்டு மட்டும் போட்டால் காணும்.”

“காணாது. அரைவாசியோடை விட்டால் நான் குற்றவாளி. முழுசா எழுதினால் இல்லை. நான் சிலைக்கு வர்ணம்தான் அடிக்கிறன், கும்பிடுறது கடவுளை.”

“அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைப்பம்” என்றார் ரீச்சர். ஆனால் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

கனிசியஸ் அன்றே வெள்ளை அடித்துப் பழைய எழுத்தை மறைத்தான். சனிக்கிழமை முழுவதும் எழுதினான். இரண்டாம் கட்டளை ஐந்து வரி பிடித்தது. அதற்காக எழுத்தைச் சிறிதாக்கினான், ஆனால் ஒரு சொல்லையும் சுருக்கவில்லை. பின்னேரம் ரீச்சர் வந்து எழுத்துக் கூட்டி வாசித்து, ஒரு ‘ற’வை மட்டும் ‘ர’வாக்கச் சொன்னார். அது சரிதான் என்று அவனும் திருத்தினான்.

ஞாயிறு காலை மயிலிட்டியில் முதல் பூசை கண்டுவிட்டு, கனிசியசும் பிரதீபாவும் மோட்டார் சைக்கிளில் கோப்பாய்க்கு வந்து கடைசி வாங்கில் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பியிருந்த போதகர், எழுதியவரின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். கனிசியசுக்குக் காது சூடாகியது. சந்தோசமாகவும் இருந்தது.

பிறகு எல்லாரும் எழுந்து ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னார்கள். தெரிந்த செபம் என்பதால் கனிசியசும் பிரதீபாவும் குரலை உயர்த்தியே சொன்னார்கள். வழமையான இடத்தில் “ஆமென்” என்று நிறுத்தினார்கள். சபையோ நிற்காமல் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று இன்னொரு வரி சொல்லிக்கொண்டு போனது. அந்த இரண்டு ஆமென்களும் தனியாகக் கேட்டன. முன் வரிசையிலிருந்து ரீச்சர் திரும்பிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் தேத்தண்ணீரும் கேக்கும் கொடுத்தார்கள். ரீச்சர் நேரே அவர்களிடம் வந்தார்.

“செபத்தையும் பாதியிலை விட்டுட்டீர்.”

“நாங்கள் முடிச்சிட்டம் ரீச்சர். உங்கடை ஆக்கள்தான் நிப்பாட்டேல்லை.”

ரீச்சர் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

“எங்கை உம்மடை புத்தகம்? அந்தச் செபம் கிடக்கிற மத்தேயுவை எடும், பாப்பம்.”

பிரதீபா வேதபுத்தகம் இருந்த துணிப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, ரீச்சருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.