மீதமுள்ள நிமிடங்கள்

வாசலில் நின்ற மனிதர், "வணக்கம், உள்ள வரலாமோ?" என்று கேட்டதும் சிவகௌரிக்கு நெஞ்சு படபடத்தது. சொல்ல வந்ததை அவசரமாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் போல் இருந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நல்ல குளிர்" என்றபோதுதான் விளங்கியது.

முகத்தை அவள் முன்பு பார்த்ததில்லை. குரலைத்தான் தெரியும். ஐந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குரல் அவளுடைய வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நீளமான இலக்கத்தை அழுத்தினால் முதலில் அவர்தான் பேசுவார். "உங்களிடம் பன்னிரண்டு நிமிடங்கள் மீதமுள்ளன." பிறகு யாழ்ப்பாணம் நெல்லியடியிலிருந்து அக்கா புஸ்பவதி வருவாள். அக்கா கதைக்கத் தொடங்கி, கடைசியில் ஏதோ முக்கியமான இடத்துக்கு வரும்போது அவர் மறுபடியும் குறுக்கே வருவார். "ஒரு நிமிடம் மட்டுமே உள்ளது." அது இரண்டு பக்கமும் கேட்கும். அக்கா பதறிப்போய் வைத்துவிடுவாள்.

தேநீரைக் கொண்டுவந்து வைக்கும்போது சிவகௌரி மெல்லக் கேட்டாள்.

"அண்ணை, அந்த ரெலிபோன் காட்டில கதைக்கிறது நீங்களோ?"

"ஓம் பிள்ளை" என்றார் மரியரட்ணம். குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் இருந்தது.

"உங்களை நான் எத்தினை தரம் ஏசியிருப்பன் தெரியுமோ?"

"நீங்களுமோ?"

சிவகௌரியின் கணவன் இரத்தினம் தலையிட்டான். மரியரட்ணம் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போட்டுவந்த நாடகத்தை ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒழுங்கு செய்திருந்தவன் அவன்தான். "இவரை லேசா நினைக்காதையும். இருபது வருசமா நடிக்கிறார். ரொறன்ரோவில இங்கிலிஸ் மேடையில ராசாவா வந்தவர். படத்திலயும் நடிச்சிருக்கிறார்."

"படத்தில ரெண்டு தரம் ரக்சி ஓடுறவன், ஒரு தரம் பிரேதம்" என்றார் மரியரட்ணம். "பிரேதமா நடிச்சதைத்தான் எல்லாரும் நல்லம் எண்டவை. வாய் திறக்கேல்லைத்தானே." பிள்ளைகளுக்கான ஒரு காட்டூன் தொடரில் ஆமைக்குக் குரல் கொடுத்ததையும் சொன்னார். "ரெலிபோன் காட்டுக்குக் குரல் குடுத்தது ஒரே ஒரு பின்னேரம். ஒண்டில இருந்து தொண்ணூறு வரைக்கும் எண்ணச் சொன்னாங்கள். அண்டைக்கு எனக்குத் தடிமன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி எண்ணினன். அது இப்பிடி உலகம் முழுக்கப் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

பிறகு பரிஸ் கதையைச் சொன்னார். நாடகத்தில் அவர், மகன் தூர தேசத்தில் இருக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஒரு தகப்பன். நேர்ஸைப் பார்த்து, "எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குது?" என்று கேட்க வேண்டும். அழ வேண்டிய இடம். பரிஸில் அவர் அதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "பன்னிரண்டு நிமிடங்கள்!" என்று கத்தினான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு அவர் செத்தபோதும் சிரித்தார்கள். லண்டனிலும் அதே கதைதான்.

"அடுத்த மாதம் சுவிஸில, பேர்ணில கேட்டிருக்கினம். இஞ்சயும் சிரிச்சினமெண்டா அங்க வரமாட்டன் எண்டு சொல்லிப்போடுவன். மேடை இதோட சரி. இனி மைக்குக்கு முன்னால மட்டும்தான். ஆமைக்குப் பின்னால ஆர் எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"இஞ்ச சிரிக்கமாட்டினம் அண்ணை" என்றான் இரத்தினம். "பீலெஃபெல்ட் எண்டு ஒரு ஊரே இல்லையெண்டு டொச்சுக்காரர் பகிடி விடுறவை. இல்லாத ஊரில ஆர் சிரிக்கிறது?"

மரியரட்ணம் சிரிக்கவில்லை. தேநீரை ஆறவிட்டுவிட்டார்.

அந்த நேர்ஸ் வேடத்துக்கு மட்டும் அந்தந்த ஊரில் ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். பீலெஃபெல்டில் அது சிவகௌரி. முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். அவளிடம் வெள்ளைச் சட்டை இருந்தது. தெரிவுக்கு வேறு காரணம் கிடையாது. நாலு பேர் முன்னால் நின்று பேச அவளுக்கு ஏலாது. ஒரே ஒரு வசனம்தானே என்று சொல்லித்தான் இரத்தினம் சம்மதிக்க வைத்தான். "டொக்டர் வருவார் ஐயா." அதைச் சலவை இயந்திரத்தின் முன்னால் நின்று மூன்று நாட்கள் பாடமாக்கினாள்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. ஆறு மணிக்குப் பள்ளிக்கூடக் காவலாளி ஹவுஸ்மைஸ்ரர் கதவைப் பூட்டிவிடுவான் என்று இரத்தினம் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தான். மேடையில் ஒரு கட்டில், ஒரு சின்ன மேசை. மேசை வெறுமையாகத் தெரிந்ததால் தங்கள் வீட்டுப் பழைய ரெலிபோனைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

மரியரட்ணம் வாய் திறந்ததுமே சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் ஒரு பெண் தன் கைப்பையைத் திறந்து, தொலைபேசி அட்டையைப் பார்த்துவிட்டு மூடினாள். இரண்டு இடத்தில் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். அவர் விடாமல் நடித்தார். நன்றாகவே நடித்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற சிவகௌரிக்குத் தன் வசனம் மறந்துவிட்டது போலவும் மறக்காதது போலவும் இருந்தது.

அவள் கட்டிலருகே வந்து நின்றாள். மரியரட்ணம் கண்ணைத் திறந்து கேட்டார்.

"பிள்ளை, எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குது?"

பின்வரிசையிலிருந்து, "பன்னிரண்டு நிமிடங்கள்!" என்று ஒரு குரல் வந்தது.

சிரிப்புக் கிளம்பியது. அது வரிசை வரிசையாக முன்னால் வருவது அவளுக்குத் தெரிந்தது. அவருடைய கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. முகம் சபைக்குத் தெரியாத பக்கம் திரும்பியது. அவளுக்கு மட்டும் தெரிந்தது. அது நடிப்பில்லை. சலவைக்கு வரும் படுக்கை விரிப்புகளை எடுக்கப் போகும்போது சில அறைகளில் அவள் அப்படியான முகங்களைப் பார்த்திருக்கிறாள்.

"அவ்வளவு இல்லை ஐயா" என்றாள்.

அவளுடைய குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே முன்வரிசைக்காரர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்களை யாரோ "உஸ்" என்று அடக்கினார்கள்.

"ஒரு நிமிசம்தான் இருக்குது."

மண்டபம் அமைதியானது. அந்த ஒரு நிமிடத்தை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவள் மேசையிலிருந்த ரெலிபோனின் ரிசீவரை எடுத்து அவர் கையில் வைத்தாள். "மகனோட கதையுங்கோ. கெதியா."

நாடகத்தில் அப்படியொரு காட்சி இல்லை. அவர் சுவரைப் பார்த்து எட்டுப் பக்க வசனம் பேச வேண்டும். மரியரட்ணம் அவளைப் பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார், காதில் வைத்தார்.

"தம்பி... ஓம், நான்தான். சாப்பிட்டியோ?... இஞ்ச எல்லாம் நல்லம். நல்லாப் பாக்கினம்... நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. போன முறையும் சொன்னனான்... ஓம். ஓம், கேக்குது... அழாதை, அழுதா நேரம் போயிடும்... தம்பி, முக்கியமா ஒண்டு சொல்லவேணும். என்னெண்டா—"

நிறுத்தினார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். திரும்பவும் காதில் வைத்தார். "ஹலோ?" என்றார். பிறகு அதை மெதுவாக நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

திரையை இழுக்க வேண்டியவன் இழுக்க மறந்து நின்றான். கைப்பை வைத்திருந்த பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கைதட்டல் பிந்தித்தான் தொடங்கியது. தொடங்கிய பிறகு நிற்கவில்லை.

பின்னறையில் ஒரு பருத்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பன்னிரண்டு எண்டு கத்தினது நான்தான்."

"நல்லகாலம் கத்தினியள்" என்றார் மரியரட்ணம். இரண்டு உழுந்துவடையை ஒன்றாக எடுத்துக் கடித்தபடி இருந்தார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. "பேர்ணில ஆர் கத்துறது? அதுக்கும் நீங்கள்தான் வரவேணும். பிள்ளை, நீரும் லீவு எடும்."

"ஏலாது அண்ணை. ஒருக்கா ஏறினதே போதும்" என்றாள் சிவகௌரி. ஆனாலும் வெள்ளைச் சட்டையை உடனே கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. மரியரட்ணத்தின் பிராங்பேர்ட் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. சிவகௌரி புது அட்டையைச் சுரண்டினாள். ரிசீவரை அவரும் கேட்கும்படி சரித்துப் பிடித்தாள்.

"உங்களிடம் நாற்பத்தொரு நிமிடங்கள் மீதமுள்ளன."

"பாத்தீரோ, தடிமன்" என்றார் மரியரட்ணம். "மூக்கு அடைச்சிருக்குது."

நெல்லியடியில் அக்கா எடுத்தாள். சிவகௌரி நாடகத்தைப் பற்றி ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, "அக்கா, ஒராள் கதைக்கப் போறார்" என்று ரிசீவரை அவரிடம் கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம் அக்கா, நான்—"

"ஐயோ, நேரம் முடியுதாம்! கௌரி, வைக்கிறன். உடம்பைப் பார்!"

இணைப்பு அறுந்துவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மரியரட்ணம்தான். கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"திரும்ப எடும் பிள்ளை. இந்த முறை நான் பிரேதம் மாதிரி இருக்கிறன்."