ஆமென் முந்திக்கொண்டது

தண்ணீர் இருந்தது, குழந்தையின் நெற்றி இருந்தது, உயிரும் இருந்தது. வார்த்தைதான் குறைந்துபோயிற்று. இவ்வளவுதானா என்று தோன்றும், கண்ணுகளா. அந்தக் குறைக்காக ஒருத்தி பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் வார்டைத் துடைக்கிற வேலை அவளுக்கு. எல்லோரும் அவளைச் செபமாலை என்றுதான் கூப்பிடுவார்கள். வாளியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே உதடு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். வார்டைத் துடைத்து முடிக்கவும் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை உருட்டி முடியவும் சரியாக இருக்கும்.

"ஏன் செபமாலை, அழுக்குப் போறது பினாயிலாலயா, உன் மந்திரத்தாலயா?" என்பாள் நர்ஸ்.

"ரெண்டையும் கலந்துதான் ஊத்துறேன், சிஸ்டர். உங்களுக்கும் ஒரு மூடி வேணுமா?" என்று இவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த வார்டுக்கே அவளுடைய தம்பி மகன் வந்து சேர்ந்தான். ஏழு வருஷம் காத்திருந்து தம்பி மனைவி பெற்ற பிள்ளை. ஆறாம் மாதமே அவசரப்பட்டுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உயிர். தம்பி லாரி ஓட்டுகிறவன், மூன்று நாள் தொலைவில் இருந்தான். பெற்றவள் வயிற்றில் தையலோடு கீழ்த்தளத்தில் கிடந்தாள்.

காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார். செபமாலை கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள். பெற்றவள் அழவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஃபாதருக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேம்மா. ஒரு சாவு அடக்கத்துல இருக்காராம். ஒரு மணி நேரமாகும்னாரு."

"அதுவரைக்கும் தாங்காதுன்னா நீங்களே ஞானஸ்நானம் குடுத்துடுங்க. அவசரத்துல யாரு வேணாலும் குடுக்கலாம்ல?"

"குடுக்கலாம். ஞானோபதேச வகுப்புல நான் பரிசு வாங்கினதே இதை ஒப்பிச்சுத்தான்."

"பேரு மறந்துடாதீங்க."

"மறப்பேனா?"

மறக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து நர்ஸ் கண் ஜாடை காட்டியபோது அவள் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள். பெட்டியின் பக்கவாட்டு வாசலை நர்ஸ் திறந்துவிட்டு, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். செபமாலை நெற்றியில் மூன்று தடவை சொட்டுவிட்டாள். ஏழு வருஷமாக அவர்கள் வீட்டில் அடைகாத்து வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே..." என்றாள். பிறகு "ஆமென்" என்றாள். வலது கை தன்பாட்டுக்கு அவளுடைய நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய் வந்தது.

எழுந்தால் சிலுவை போடுகிறவள். சாப்பிட, படுக்க, பேருந்து ஏற, இடி இடிக்கச் சிலுவை போடுகிறவள். நாற்பது வருஷமாக அந்த வாய் 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே, ஆமென்' என்ற அந்தத் தடத்திலேயே ஓடியிருக்கிறது. 'நான் உன்னைத் திருமுழுக்காட்டுகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆமென் முந்திக்கொண்டது. அதைச் சொல்லாவிட்டால் ஞானஸ்நானமே செல்லாது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. பிள்ளையின் நெஞ்சு இரண்டு தடவை ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை.

"குடுத்துட்டேம்மா," என்று கீழே போய்ச் சொன்னாள். "பேரு சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணி ஊத்தும்போது உயிர் இருந்துச்சு."

பெற்றவள் தலையணையைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். பிறகு, "அப்ப சரி," என்றாள்.

ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை மோட்சத்துக்குப் போய்விட்டான் என்ற அந்த 'அப்ப சரி'யின் மேல்தான் அவள் எழுந்து நின்றாள். சாய்ந்துகொள்ள அவளுக்கு வேறு சுவர் இல்லை.

அடக்கத்தன்று கோவில் அலுவலகத்தில் பங்குச் சாமியார் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "தண்ணி ஊத்தினப்ப உயிர் இருந்ததா?"

"இருந்துச்சு, ஃபாதர்."

"என்ன சொன்னீங்க?"

செபமாலை வாயைத் திறந்தாள். "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உன்னைத் திருமுழுக்காட்டுகிறேன்னு..." கடைசிச் சொல் வெளியே வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்காக அது தன் வாயிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாக வருகிறது என்று. சாமியார் எழுதத் தொடங்கியிருந்தார். பெற்றவள் சுவரோடு சாய்ந்து நின்று அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் என்னத்தைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பூசையில் அவள் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. எல்லோரும் வரிசையில் போவார்கள், இவள் முழங்காலிட்ட இடத்திலேயே கிடப்பாள். "செபமாலைக்கே நன்மை இல்லன்னா நாமெல்லாம் வாசலோட திரும்ப வேண்டியதுதான்," என்று பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

வீட்டில் அதைவிடக் கொடுமை. தம்பி மறுபடி லாரியோடு போய்விட்டான். தம்பி மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தபடி தினமும் கேட்பாள். "அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க. தண்ணி பட்டதும் கண்ணச் சிமிட்டினானா?"

"சிமிட்டினாம்மா."

"என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

இவளும் சொல்வாள். முழுசாக, ஒரு எழுத்து பிசகாமல். சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் வாயைக் கொப்பளிப்பாள்.

மூன்றாவது வாரம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். தட்டிக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"வாய் தவறினது பாவமில்லம்மா," என்றார் சாமியார். "பொய் சொன்னதுதான் பாவம். அதுக்கு மன்னிப்பு உண்டு."

"அவகிட்டச் சொல்லணுமா, ஃபாதர்?"

"பதிவேட்ல ஒரு பொய் நிக்குது. இங்க கேட்டத வெளிய எடுத்துட்டுப் போக எனக்கு அனுமதியில்ல. அந்தப் புத்தகத்துல கை வைக்கவும் முடியாது. நீங்கதான் இந்தத் தட்டிக்கு வெளிய வந்து சொல்லணும்."

மறுநாள் மத்தியானம் சொன்னாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதி சொல்லும்போதே நின்றது. தம்பி மனைவி ஊசியில் மாட்டியிருந்த துணியை எடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"தினம் தினம் கேட்டேனே அக்கா."

"ஆமாம்மா."

"வாய் கூசாமச் சொன்னீங்களே."

"கூசுச்சு. ஆனாலும் சொன்னேன். நீ விழுந்துடுவேன்னு பயந்தேன்."

"அதெல்லாம் உங்களுக்காகப் பயந்தது. எனக்காகன்னு சொல்லாதீங்க." அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "வாங்க. அந்தப் புஸ்தகத்துலேருந்து அத எடுக்கச் சொல்லுங்க. எம்புள்ள பேர்ல பொய் இருக்கக் கூடாது."

அலுவலகத்தில் செபமாலை நின்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். சாமியார் அப்போதுதான் முதல் தடவை கேட்கிறவர்போலத் தலை குனிந்து கேட்டார். பதிவேட்டைத் திறந்து அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார்.

"அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் பெற்றவள்.

"அடிக்கலம்மா. செல்லாதுன்னு எழுதியிருக்கேன். பேரு அப்படியேதான் இருக்கு."

"அப்போ அவன் எங்க இருக்கான், ஃபாதர்?"

சாமியார் பேனாவை மூடினார். "கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். அவரு சடங்குக்குக் கட்டுப்பட்டவர் இல்ல. அதனால நம்பிக்கையா இருக்கோம்."

"நம்பிக்கையத்தானே சொல்றீங்க. தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்சீங்க?"

அவர் பதிவேட்டை மூடினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்ததை செபமாலைதான் பார்த்தாள். பெற்றவள் அதற்குள் வெளியேறிவிட்டாள்.

தெருவில் அவள் முன்னால் நடந்தாள், இவள் பத்தடி பின்னால். பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. ஒரே பெஞ்சின் இரண்டு முனையிலும் உட்கார்ந்தார்கள். ஒரு பஸ் வந்தது, நின்றது, போனது. இருவரும் ஏறவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போறீங்களா?" தம்பி மனைவி கேட்டது தார்ச்சாலையைப் பார்த்து.

"போகணும்மா."

"அந்த வார்டுக்கேவா?"

"அங்கதான் போட்டிருக்காங்க."

தம்பி மனைவி கைப்பையைத் திறந்து, துணி அளவு குறித்து வைக்கிற சீட்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் எத்தனையோ புள்ளைங்க வரும். எவளாவது உங்ககிட்டக் கேப்பா. எழுதுங்க."

செபமாலை சீட்டை முழங்காலில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி அந்த ஞானஸ்நான வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், இவள் எழுதினாள். கடைசிச் சொல் எழுதி முடித்ததும் அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள்.

"நெனக்கலம்மா."

"வேலைச் சட்டைப் பையிலயே வச்சுக்கங்க. துவைக்கும்போது எடுத்துடுங்க."

அடுத்த பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள், இவள் பின்வாசலில்.