இரட்டை ஹாரன்

கணேசமூர்த்தியின் கார் பார்வைக்கு ராஜா. வாயைத் திறந்தால் ஆட்டுக்குட்டி. அந்த ஒரு குறைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்பதாம் வருஷத்து பியூக். தோட்டத்துரை ஒருவர், மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குள் ஊர் போய்ச் சேரும் அவசரத்தில், மலாக்கா உஜோங் பாசிர் பங்களாவில் கிடந்த அந்தக் காரை விற்றுவிட்டுக் கப்பலேறினார். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கணேசமூர்த்தி அதை வாங்கி, காஜா பேராங் ரோட்டில் தன் வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆவணியில் மகள் ஜெயாவுக்குக் கல்யாணம். பெண் அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போகவேண்டும். அதுவும், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும்.

சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு எழுதினார். அமெரிக்காவுக்கே எழுதினார். வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. அதிலிருந்த காரில் ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கக் கண்டு பதறிப்போனார். இங்கிலீஷ்காரன் ஆளும் ஊர்களுக்கு வலதுபக்கம் வைத்துக் கனடாவில் கட்டினார்கள் என்று பதில் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. டாஷ்போர்டுப் பெட்டி மூடியில் கடிகாரம் சரி. வண்டி திரும்புவதைக் காட்டும் பின்விளக்கு சரி.

"ஹீட்டரும் உண்டாம் சீதா. குளிர்காலத்துக்கு" என்றார் மனைவியிடம்.

"வாங்கி மாட்டுங்க. மலாக்கா வெயில் பத்தாமத்தான் நான் கெடந்து தவிக்கிறேன்" என்றாள் சீதா.

ஹாரன்தான் இடித்தது. தாழ்ந்த சுருதியில் ஒன்று, உயர்ந்த சுருதியில் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் என்றது புத்தகம். இவர் காரில் இருந்ததோ ஏதோ பழைய லாரியின் ஒற்றை ஹாரன்.

தேடி அலைந்து, கடைசியில் புக்கிட் ரம்பாயில் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. சாக்கில் சுற்றிய இரண்டு ஊதிகளை எடுத்து வைத்தார் கடை முதலாளியான சீனத் தவுக்கே.

"எந்தக் காடியோடது தவுக்கே?" என்று மலாயில் கேட்டார் கணேசமூர்த்தி.

"உன் பியூக் காடியோடதேதான். ஜப்பான்காரன் வச்சிருந்த காடி. அவன் ஓடினதும் எவனோ வெட்டி எடுத்து எங்கப்பன்கிட்ட போட்டுட்டுப் போனான்."

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையா?"

"கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்றார் தவுக்கே. சாக்கை இவர் பக்கம் தள்ளினார்.

கம்பிகள் துருப்பிடித்து அறுந்தவை அல்ல. கத்தி வைத்து நறுக்கியவை. கணேசமூர்த்தி அதைப் பார்க்கத்தான் செய்தார். கிடைத்த சந்தோஷத்தில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூட்டி முடித்தார். மாப்பிள்ளையாக வரப்போகும் தியாகு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ்ப் பள்ளி வாத்தியார். இரண்டு வீடு தள்ளி அவன் வீடு. அவன் அம்மா அஞ்சலை பசாரில் காய்கறி விற்று அவனைப் படிக்கவைத்தவள். அப்பா சுப்பையன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிபட்டுப் போனவர். திரும்பி வரவில்லை. செத்தார் என்று சேதியும் வரவில்லை. அதனால் அஞ்சலை தாலியையும் கழற்றவில்லை, குங்குமத்தையும் விடவில்லை. யுத்தம் முடிந்து மூவாரிலிருந்து குடிவந்த கணேசமூர்த்திக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கேளுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார்.

அடியில் ஒன்று உறும, மேலே ஒன்று அலறியது. அசல் சரக்கு. கணேசமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னொரு தடவை அழுத்தினார்.

எதிர்ச் சாரியில் ஒரு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. தெருமுனைக் காப்பிக்கடையில் பேச்சு நின்றது. மலாய்க்காரக் கிழவர் ஒருவர் தெருவில் விளையாடிய பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

அஞ்சலை வெறுங்காலோடு தெருவுக்கு வந்தாள். தலையைக் குனிந்து, கைகளைத் தொங்கவிட்டு, வரிசையில் நிற்பவள்போல் அசையாமல் நின்றாள்.

"அம்மா?" என்று தியாகு ஓடினான்.

"உள்ள போ" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்க. சத்தம் காட்டாத."

ஆறடி உயர வாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

சீதா தண்ணீர் கொண்டு ஓடினாள். முகத்தைத் துடைத்து உட்காரவைத்த பிறகு அஞ்சலை கணேசமூர்த்தியைப் பார்த்தாள்.

"ஜப்பான்காரன் காலத்துல அந்தச் சத்தம் கேட்டா ஆம்பளைங்க எல்லாரும் ரோட்டுக்கு வந்து நிக்கணும். பின்னாடியே லோரி வரும். இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும் சம்பந்தி."

"எனக்குத் தெரியாதே. சத்தியமா தெரியாது."

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டைப் பத்தி நாங்க நாலு பேர்கிட்ட விசாரிச்சோம். நீங்க காடியைப் பத்தி அமெரிக்காவுக்குக் கடுதாசி போட்டு விசாரிச்சீங்க. அடுத்த வீட்ல ஒரு வார்த்தை கேக்கலையே."

கணேசமூர்த்தி கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தப் போனார்.

"அந்தச் சத்தம் போடுற காடி நிக்கிற வீட்டிலேருந்து நான் பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அஞ்சலை எழுந்து போனாள்.

கல்யாணப் பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. சீதா அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். ஜெயா சண்டை போடவில்லை. அப்பாவுக்குக் காப்பி வைத்தாள், அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. கொட்டகைக்குப் போய் காரைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துத் தானே பளபளப்பாக்கிய முகப்பு அவரையே திருப்பிக் காட்டியது.

காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்து, ஹாரனைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனார்.

"இந்தச் சனியனை வாங்குன எடத்துலயே போட்டுடறேன் சம்பந்தி. காடியையும் தள்ளிவிட்டுடறேன். பிள்ளைங்களை மட்டும் பிரிச்சிடாதீங்க."

அஞ்சலை சாக்கைப் பார்த்தாள். "சத்தம்தான் அதே மாதிரின்னு நெனச்சேன். அப்ப பூச்சு வேற. காடியும் அதேதானா?"

"அதேதான். யுத்தம் முடிஞ்சு துரை கைக்கு வந்தது. அவர்கிட்டேருந்து எனக்கு."

 அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "காட்டுங்க" என்றாள்.

கொட்டகையில் காரைச் சுற்றி வந்தாள். முன்கதவருகே நின்றாள்.

"அன்னைக்கு லோரி நெறஞ்சிடுச்சு. கடைசியா நின்னவர் தியாகு அப்பாதான். எடமில்லேன்னு காடியில முன்சீட்டுல ஏத்துனான். வாழ்நாள்ல காடியில ஏறினது இல்ல அந்த மனுசன். ஜன்னல் வழியா எனக்குக் கையக் காட்டினாரு. காடியில போறோமாம், அதுல ஒரு சிரிப்பு வேற." கதவுப் பிடியைத் தொட்டாள். "அந்த சீட்டு இதானா? மாத்திட்டாங்களா?"

"மாத்தலை. கம்பெனியில தைச்ச தோலுதான். எல்லாம் பாத்துட்டேன்" என்றார் கணேசமூர்த்தி. ஒவ்வொரு தையலாகப் பார்த்து எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்ன விஷயம். 

அஞ்சலை கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. உள்ளங்கையை மட்டும் சீட்டில் வைத்து அழுத்தினாள்.

"எங்க இருந்தாலும் போன வழியாவே வருவாருன்னு இத்தனை வருசம் நெனச்சிருந்தேன். அன்னைக்குச் சத்தம் கேட்டு வந்து நின்னேன்ல, பயந்து மட்டும் வரல சம்பந்தி. காடி வந்துடுச்சே, கதவைத் திறந்துக்கிட்டு எறங்குவாருன்னு நின்னேன். யாரும் எறங்கல."

சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

"கல்யாணம் நடக்கட்டும். ஜெயா வேற காடியில வரட்டும். வாசல்ல ஆரத்தி எடுக்க வேற யாரையாச்சும் நிறுத்துங்க. நான் எடுக்கலை" என்றாள்.

அவர் அவள் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் அப்படியே இருந்தது. ஆனால் அவள் சொன்னது புரிந்துவிட்டது.

"கல்யாணம் முடிஞ்சதும் அவருக்குக் காரியம் பண்ணணும், உஜோங் பாசிர் கடற்கரையில. அன்னைக்கு இந்தக் காடி வரணும். கூட்டிட்டுப் போனதே கொண்டுபோய் விடட்டும்."

"இதை என்ன செய்யட்டும்?" என்று சாக்கைக் காட்டினார்.

"அது கம்பெனிக்காரன் வச்சதுதானே? இருந்த எடத்துல இருக்கட்டும்."

"கல்யாணத்துக்கு வாங்குன காடி கருமாதிக்கா?" என்று சீதா புலம்பினாள். கணேசமூர்த்தி வாடகைக் கார் பேசப் புறப்பட்டார்.

ஊரெல்லாம் சுதந்திரத் தோரணம் கட்டியிருந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஜெயா வாடகை மோரிஸ் காரில் போனாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் கணேசமூர்த்தியின் தங்கை ஆரத்தி எடுத்தாள். மாமியார் எங்கே என்று கேட்டவர்களுக்கு, உள்ளே விருந்தைக் கவனிக்கிறாள் என்று சொன்னார்கள். ஒருவரும் நம்பவில்லை.

காரியத்தன்று காலை தியாகுவும் ஐயரும் பின்சீட்டில் ஏறினார்கள். அஞ்சலை முன்சீட்டில் உட்கார்ந்தாள். நெற்றியில் என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். காஜா பேராங்கில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

உஜோங் பாசிர் போகும் வழியில் எருமை ஒன்று நடுரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி காரை நிறுத்தினார். கை ஹாரன் பக்கம் போய்த் திரும்பியது. இறங்கிப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹை ஹை என்று எருமையோடு மல்லுக்கட்டினார். அது அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு நிதானமாக எழுந்தது.

வியர்வையோடு வந்து உட்கார்ந்தார்.

"ஊரெல்லாம் தேடி ஹாரன் வாங்கி மாட்டிட்டு, எறங்கி ஓடுறீங்களே சம்பந்தி" என்றாள் அஞ்சலை.

அவருக்குச் சிரிக்க வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. இடதுகையை ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டி, காற்றில் அப்படியே வைத்திருந்தாள். கடல் தெரியும்வரை உள்ளே எடுக்கவில்லை.