ரெண்டு பேருக்கும் சம்மதம்

ஜெஸி சாப்பாட்டுத் தூக்கோடு இரும்பு ஏணியில் ஏறி மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அடுத்து பூட்டு மாட்டும் சத்தம். அதற்கும் அடுத்து, தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள் வேகம் குறைந்து நின்றன.

தாராவியில் அவர்களுடைய கார்கானா, பை தைக்கும் பட்டறை, ஒரே கட்டடத்தில் இரண்டு தளம். கீழே சித்தப்பா ராயப்பன் ரெக்சின் வெட்டுவார். மேலே அப்பா சிங்கராயர் ஆள் வைத்துப் பள்ளிக்கூடப் பைகள் தைப்பார். மேலே இருப்பவர்கள் தெருவுக்கு வர வேண்டுமானால் ஏணி வழியாகச் சித்தப்பாவின் இடத்தில் இறங்கி, அவருடைய ஷட்டரைத் தாண்டித்தான் வர வேண்டும். மெயின் சுவிட்சும் அவர் பக்கத்தில்தான்.

மூத்த தையல்காரர் அல்தாப் ஏணி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "தாலா லகாகே கயா, சேட்" என்றார். பூட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

"போகட்டும். எவ்வளவு நேரம் பூட்டி வச்சிருக்கான்னு பார்ப்போம்" என்றார் சிங்கராயர்.

காலையில் நடந்ததை அம்மா சேசம்மாள் ஜெஸியிடம் சொல்லியிருந்தாள். வழக்கமாகப் பை வாங்கும் புனே வியாபாரி ஒருவர் புது விசிட்டிங் கார்டு ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதில் ராயப்பன் பெயர் மட்டும் இருந்தது. அப்பா நேரே கீழே இறங்கி, வேலையாட்கள் எல்லோரும் பார்க்கத் தம்பியைத் திருடன் என்று சொல்லிவிட்டார்.

மே மாதத்து வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஒற்றை ஜன்னலில் கம்பி. தையல்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஜெஸிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது.

அவள் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வை எழுதி முடித்திருந்தாள். பாடம் சர்வதேச உறவுகள். சந்தில் எல்லோருக்கும் அது ஃபாரின் படிப்பு. முடித்ததும் அவளை ஏதாவது தூதரகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அப்பா சர்ச்சில் பலரிடம் சொல்லியிருந்தார். அப்படி இல்லை என்று விளக்கி விளக்கி அவள் அலுத்துப்போயிருந்தாள். கடைசி வருஷம் அவள் கட்டுரை எழுதியது கடல் இல்லாத நாடுகளைப் பற்றி. சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அவை பக்கத்து நாட்டின் தயவில் இருக்க வேண்டியதைப் பற்றி. நல்ல மதிப்பெண் கிடைத்தது. டெல்லியில் மேற்படிப்புக்கு இடமும் கிடைத்தது. அவளும் அதே வகுப்பில் படித்த சாயிமாவும் ஜூலையில் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அப்பா மாதக்கணக்கில் முரண்டு பிடித்து, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டிருந்தார்.

அவள் சித்தப்பாவுக்கு போன் போட்டாள்.

"எங்க இருக்கீய சித்தப்பா?"

"கிங்ஸ் சர்க்கிள்ல காபி குடிக்கேன். உங்கப்பா பேசச் சொன்னாரோ?"

"இல்ல. நானும் உள்ளதான் இருக்கேன். சாப்பாடு கொண்டு வந்தேன்."

அந்தப் பக்கம் தம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியாதுட்டி. நீ ஏறும்போது நான் பின்னால சரக்கு அடுக்கிக்கிட்டு இருந்திருப்பேன். எதிர்க்கடை கரீம் பாட்சாட்ட சாவி இருக்கு. ஒனக்கு மட்டும் தெறந்து விடச் சொல்லுதேன், இறங்கி வந்துரு" என்றார்.

"எனக்கு மட்டும் வேண்டாம் சித்தப்பா."

பின்னாளில் அவள் இந்த ஒரு வரியை அடிக்கடி நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லவில்லை. அல்தாப் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்கக் கூடாது, எதை இழந்தால் அவரால் தாங்க முடியாது என்று கேட்க வேண்டும் என்பார் அவளுடைய பேராசிரியர். அவள் அதைத்தான் கேட்டாள். "கார்டு எதுக்கு அடிச்சீய சித்தப்பா?"

"நான் வெட்டாம அங்க ஒரு பை உண்டா? ஆனா எந்த சேட்டுக்கும் எம்பேரு தெரியாது. சிங்கராயரு தம்பி, அவ்வளவுதான். எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு. அவுகளுக்காகவாவது எம்பேரு வெளிய தெரிய வேண்டாமா? அதுக்குத் திருடன்னு சொல்லிட்டாரே."

ஜெஸி போனைத் துண்டிக்காமல் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தம்பி பிரிந்துபோய்விடுவான், வியாபாரிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்தான் அவருக்கு. கோபம் அதற்கு மேலே போட்ட போர்வை. அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்க நேரம் பிடித்தது. கடைசியில் அவரே போனை வாங்கினார்.

"லேய், நான் சொன்னது தப்புதான். யாரு முன்னால சொன்னேனோ அவங்க முன்னாலயே சொல்லுதேன். வா."

ராயப்பன் வந்து திறந்தார். சிங்கராயர் எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொன்னார். வேலையாட்கள் டீ குடிக்கப் போனதும் அண்ணனும் தம்பியும் வெட்டு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஜெஸி நடுவில். கார்டில் இரண்டு பெயரும் போடுவது என்று முடிவானது. ஷட்டரை ஒருவரைக் கேட்காமல் மற்றவர் பூட்டக் கூடாது என்றும் முடிவானது. வியாபாரிகளிடம் யார் பேசுவது என்ற இடத்தில் மறுபடியும் நின்றது.

"அவன் பேசுனா அவன் பக்கத்துக்கு இழுத்துருவான்."

"அண்ணன் பேசுனா என்னைய மறந்துருவாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜெஸியைப் பார்த்தார்கள்.

"ஜெஸி பேசட்டும். எனக்குச் சம்மதம்" என்றார் ராயப்பன்.

"எனக்கும்தான்" என்றார் சிங்கராயர். அன்று முழுக்க அவர் முகத்தில் இல்லாத நிம்மதி இப்போது இருந்தது.

"நான் ஜூலைல டெல்லிக்குப் போறேன்லாப்பா?"

அப்பா மேசையில் கிடந்த ரெக்சின் துண்டை மடித்து, விரித்து, மறுபடியும் மடித்தார்.

"ஒரு வருஷம் கழிச்சுப் போயேன்" என்றார்.

"நீ போயிட்டா இங்க என்ன நடக்கும்னு ஒனக்கே தெரியும்ட்டி" என்றார் சித்தப்பா. அதில் மிரட்டல் இல்லை. அவர் உள்ளதைத்தான் சொன்னார்.

வீட்டில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தக் குடும்பம் உடையாமல் நிற்பதே அவளால்தான் என்றாள். திட்டியிருந்தால் ஜெஸி எதிர்த்துப் பேசியிருப்பாள். நன்றி சொல்கிறவர்களிடம் என்ன பேசுவது?

டெல்லி இடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்க முடியாது என்று பதில் வந்தது. சாயிமா தனியாக ரயில் ஏறினாள். பாந்த்ரா டெர்மினஸில் அவளை அனுப்பிவைத்துவிட்டு ஜெஸி நேராக கார்கானாவுக்கு வந்தாள். புனேக்கு அன்று சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

மழைக்காலம் முழுக்க வேலை நன்றாக நடந்தது. அவள் இந்தியில் பேசினாள், மராத்தியில் பேசினாள், சேட்டுகளிடம் விட்டுக்கொடுப்பதுபோல் காட்டி வேண்டியதை வாங்கினாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து டீ குடித்தார்கள். கரீம் பாட்சாகூட, பக்கத்துக் கடைக்காரரோடு சாக்கடைத் தகராறு என்று அவளைத் தேடி வந்தார். "நீ சொன்னா ரெண்டு பேரும் கேப்போம்மா." அவள் போய்ப் பேசி முடித்துவைத்தாள். திரும்பி வரும்போது இந்த வேலை தனக்கு நன்றாக வருகிறது என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் போனை எடுத்து வெட்டு மேசையின் நடுவில், இரண்டு பேருக்கும் இடையில் வைத்தாள். புனேயிலிருந்து அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"எடு ஜெஸி" என்றார் அப்பா.

"நீங்க பேசுங்க. நான் சும்மா இருக்கேன்."

ராயப்பன் அண்ணனைப் பார்த்தார். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். "ஸ்பீக்கர்ல போடுல" என்றார் சிங்கராயர். முதலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு ஒருவர் நிறுத்த, மற்றவர் பேசினார். ஜிப்பின் நிறத்தைப் பற்றி அண்ணன் தடுமாறியபோது தம்பி எடுத்துக் கொடுத்தார். ஜெஸி வாயைத் திறக்கவே இல்லை. பெரிய ஆர்டர் அது. பேசி முடித்துவிட்டார்கள்.

வருகிற வருஷத்துக்கான டெல்லி விண்ணப்பத்தை அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்று நினைத்தாள். சாயிமாவிடம் விவரம் கேட்க வேண்டும்.

"பார்த்தீயளா, நான் இல்லாமலே முடிச்சிட்டீய" என்றாள்.

சிங்கராயர் சிரித்தார். அவள் தலையில் கை வைத்து, ஆசீர்வதிப்பதுபோல் மெதுவாக அழுத்தினார்.

"நீ பக்கத்துல இருந்தேல்லா மக்கா. அந்தத் தைரியத்துலதான் பேசினோம்."

"ஆமா" என்றார் ராயப்பன். தம்பி அண்ணனோடு இவ்வளவு உடனே ஒத்துப்போய் அவள் பார்த்ததில்லை. "நீ ஒண்ணும் பேச வேண்டாம்ட்டி. இங்க இருந்தா போதும்."