எந்தக் கை அடியில்?

மீசை ஒட்டவில்லை. மேக்கப்காரர் மூன்றாவது முறையாகப் பசை தடவி, செத்தவரின் மேலுதட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். வலது பக்கம் பிடித்தால் இடது பக்கம் எழுந்துகொண்டது.

"உடம்பு குளிர்ந்து போச்சு பாப்பா. பசை பிடிக்கல" என்றார். அந்த வீட்டுக்கு வந்துபோகிற சினிமாக்காரர்களுக்கு நாற்பத்தாறு வயதிலும் அவள் பாப்பாதான்.

"விட்டுடுங்க. அப்பாவுக்கு நிஜத்துல மீசையே கிடையாது."

மேக்கப்காரர் அப்பாவின் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாலேயே 'ஒட்டு' என்றார். அப்பா உயிரோடு இருந்தபோதும் இங்கே அவள் பேச்சு எடுபட்டதில்லை. நான்கு வருடங்கள் அவருக்குச் சோறு ஊட்டி, மலம் அள்ளி, விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த மூச்சு நின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். வாசலில் கூடியிருக்கிற கூட்டத்துக்கோ, படங்களில் இரும்புக் கம்பியை வளைத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் ஃபோனில் யாருக்கோ அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதிக்குங்க. முப்பது வருஷம், நூத்திப் பத்துப் படம். ஒரு சண்டைக்குக்கூட டூப் போடாத ஒரே நடிகர்."

அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சித்தப்பாவுக்குச் சொல்லியாச்சா?"

மேனேஜர் ஃபோனைப் பொத்தினார். "அவர் அப்பவே வந்துட்டார் பாப்பா. பின்பக்கமா வந்து சமையல்கட்டுல உட்கார்ந்திருக்கார். நான்தான் அங்கயே இருக்கச் சொன்னேன். இத்தனை கேமரா நிக்குது. அதே மூக்கு, அதே தாடை. நாலு வருஷமா பொறந்தநாளுக்கு பால்கனியில நின்னு கையாட்டுனது யாருன்னு ஒருத்தன் கேட்டான்னா? அப்பா பேரு என்னத்துக்கு ஆகும்?"

அவள் சமையலறைக்குப் போனாள்.

சித்தப்பா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, மடங்காத வலது காலை நீட்டி வைத்திருந்தார். கையில் ஆறிப்போன காபி. அண்ணனைவிட இரண்டு வயது இளையவர். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்பா படத்தில் விழுந்ததெல்லாம் உண்மையில் இவர் விழுந்தது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது, ஓடுகிற லாரியிலிருந்து உருண்டது, எல்லாம். இவர் விழுந்து எழுந்ததும் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். அப்பா வந்து அந்தக் கோட்டுக்குள் அதே மாதிரி படுத்துக்கொள்வார். கேமரா முகத்துக்குக் கிட்டே போகும். இரண்டையும் ஒட்டினால் தியேட்டரில் விசில் பறக்கும்.

அவளுக்கு ஒன்பது வயதில், பள்ளி விடுமுறையில், ஒரு முறை படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாவது மாடியிலிருந்து குதித்த சித்தப்பா, கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மேல் விழாமல் தரையில் விழுந்தார். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. முகத்துக்கு பவுடர் போட்டுக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்தார், குனிந்தார், கேட்டார்: "எந்தக் கை அடியில இருந்துச்சு?"

"இடது கைண்ணே" என்றார் சித்தப்பா, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. அவரைத் தூக்கிப்போன கையோடு, அப்பா இடது கையை அடியில் வைத்து, சூடு ஆறாத அந்தத் தரையில் படுத்துக்கொண்டார். அந்தப் படம் நூறு நாள் ஓடியது. சித்தப்பா ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"வாங்க, முன்பக்கம் போகலாம்" என்றாள்.

"வேணாம்மா. கூட்டம் போனப்புறம் ஒரு நிமிஷம் பார்த்துக்கறேன்."

"கூட்டம் போறப்ப அவரையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கு ரோஷமே கிடையாதா சித்தப்பா? ஒரு தடவையாவது வலிக்குதான்னு கேட்டாரா அந்த மனுஷன்?"

அவர் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்க நேரமிருக்காதும்மா. வெளிச்சம் போயிடும்."

அவள் டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் வீசினாள். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். தரதரவென்று இழுத்துப்போக நினைத்தாள். அந்தக் காலோடு அவ்வளவு வேகம் முடியவில்லை. ஒவ்வோர் அடியாகத்தான் கூடத்துக்கு வர முடிந்தது. மேனேஜர் கையை விரித்துக் குறுக்கே வந்தார்.

"பாப்பா, யோசிச்சு செய்ங்க. கட்டின கோட்டையே சரிஞ்சிடும்."

"சரியட்டும். யார் தோள் மேல கட்டினதுன்னாவது தெரியட்டும்."

மேனேஜரைத் தள்ளிவிட்டுப் போய் வாசல் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் அவளே திறந்தாள். வெயிலும் கூச்சலும் ஒன்றாக உள்ளே நுழைந்தன. முன்வரிசையில் நின்றவர்கள் கூடத்துக் கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்தார்கள், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள். தலைவா என்று கத்திக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"சார், நீங்க யாரு?" என்றது ஒரு மைக்.

மேனேஜர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள். "தம்பி. மாடியிலேருந்து குதிச்சவர்."

சித்தப்பா எதையும் காதில் வாங்கவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மடக்கி, சிரமப்பட்டுக் குனிந்தார். நான்கு வருடப் படுக்கையில் எலும்பாகிப் போயிருந்த அண்ணனின் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப வலிச்சுதாண்ணே?" என்று கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்த்தபோது, மின்விசிறிக் காற்றில் மீசையின் இடது நுனி எழுந்து எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. பசைப் புட்டியோடு நின்ற மேக்கப்காரர் இந்த முறை பக்கத்தில் வரவில்லை.