எழுநூற்று எழுபத்திரண்டு

மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பட்டறையில் அரை மணி நேரம்தான். ஷார்ஜா தொழில்பேட்டை வெயிலில் தகரக் கூரை கொதித்தது. ஆனாலும் எட்டுப் பேரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வெல்டர் வேலுச்சாமியின் போனைச் சுற்றி நின்றார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஊரில் அவன் மனைவி ஜோதிமணி கூலிக்கு வேலை பார்க்கும் மாவு மில்லை முதலாளி விற்கப் போகிறார். "நீ எடுத்துக்கிறியா?" என்று முதலில் அவளிடம்தான் கேட்டிருந்தார். முன்பணம் ஒரு லட்சம், பத்து நாள் கெடு; மீதி மாதத் தவணை. இங்கே ஷார்ஜா பேங்கில் லோன் கேட்டால் கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்களாம்; கடனும் பில்லும் தேதி தப்பாமல் கட்டுகிற ஆளா என்று போடுகிற மார்க். அதைத்தான் காசு கட்டி வரவழைத்துக்கொண்டிருந்தான்.

"எழுநூத்தி எழுவத்திரெண்டு!" ரூமில் பக்கத்துக் கட்டில்காரன் பாண்டித்துரை கத்தினான். "தொள்ளாயிரத்துக்குண்ணே! பத்தாங்கிளாஸை ரெண்டு தடவை எழுதுன ஆளாண்ணே நீ?"

பட்டறையே சிரித்தது. யாரோ ஒருவன் கடைக்கு ஓடி அல்வா வாங்கி வந்தான். வேலுச்சாமிக்குச் சந்தோஷத்தில் வாய் மூடவில்லை. எட்டுப் பேரும் தங்கும் ரூமின் வைஃபை ஆறு வருடமாக அவன் பேரில்தான் ஓடியது. சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் பில் தேதி தப்பியதில்லை. ஒருவன் சிகரெட்டை விடுவான், ஒருவன் கறியை விடுவான், பதினெட்டாம் தேதி பணம் சேர்ந்துவிடும். அந்த மார்க்கில் எட்டுப் பேருக்கும் பங்கு இருந்தது.

மறுநாள் பேங்கில் அருணா என்ற திருச்சிப் பெண் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சூப்பர் ஸ்கோர்ண்ணா. என்னோடதே இவ்வளவு இல்ல" என்றாள். பிறகு கம்பெனி பேரைத் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "உங்க கம்பெனி எங்க லிஸ்ட்ல இல்லண்ணா. சம்பளம் லேட்டாப் போடுற கம்பெனி. அங்க வேலை பாக்குறவங்களுக்கு லோன் தர மாட்டாங்க."

"நான் லேட்டாக் கட்டுனதே இல்லம்மா."

"தெரியுதுண்ணா" என்றாள் அவள். உண்மையாகவே வருந்தினாள்.

அன்று சாயங்காலம் ரூமில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாதாந்திரச் சீட்டுக்கு ஆளுக்கு ஐந்நூறு திர்ஹாம் எடுத்துக்கொண்டு மற்ற ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பாண்டித்துரை அவன் போர்வையை உருவினான்.

"இந்த மாசம் ஏலம் மாஃபி, கிடையவே கிடையாது. முழுசா நாலாயிரமும் உனக்குத்தான், ஊர்க் காசுக்கு லட்சம் கிட்ட வரும். எழுந்திரி, மில் முதலாளி!"

வேலுச்சாமி அழுதே விட்டான். மூன்றாம் நாள் ஜோதிமணி வீடியோவில் வந்தாள். புருவமெல்லாம் மாவு. "சாவி எங்கிட்டங்க!" என்று சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினாள். எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

அடுத்த மாதச் சம்பளமும் வழக்கம்போல் தள்ளிப்போனது. ஒரு மதியம் மேனேஜர் பத்மநாபன் கையில் ஒரு படிவத்தோடு பட்டறைக்குள் வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"வேலுச்சாமி, உனக்கு ஸ்கோர் பிரமாதமாமே? ஆபீஸ் நெட்டை பில் கட்டலைன்னு வெட்டிட்டான். கம்பெனி பேர்ல புதுசாத் தர மாட்டேங்கிறான். உன் பேர்ல ஒண்ணு எடுத்துக்கலாமா? பில்லை நாங்க கட்டிடறோம்."

"சார், போன மாசச் சம்பளமே வரலையே."

"நெட் வந்தாத்தானேப்பா சம்பளம் போட முடியும்!"

பாண்டித்துரையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலுச்சாமி கையுறையைக் கழற்றிவிட்டுப் படிவத்தை வாங்கிப் பார்த்தான். அவன் பெயர், அடையாள அட்டை எண், போன் நம்பர் எல்லாம் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.