மதினியின் விரதம்

விசாலிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே, அவளுடைய மதினி சிட்டாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பெட்டியோடு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கிவிட்டாள். தம்பி பெண்டாட்டி குணமாகும்வரை, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கும் நேரம்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அம்மனிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அடுக்குமாடியின் ஆறு தளத்துக்கும் சொன்னாள்.

இரண்டாவது கீமோ ஏற்றிய ஏழாம் நாள் விசாலியின் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே உயிர் போய் வந்தது. "ஐஸ்கிரீம், தயிர், எது இறங்குதோ அதைச் சாப்பிடுங்க. இன்னும் எடை குறைஞ்சா அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும்" என்றார் டாக்டர். அப்படித் தள்ளிப்போய்விடுமோ என்பதுதான் விசாலிக்குப் பயம். கணவர் ஆனந்தகிருஷ்ணன் அன்றே பெரிய டப்பா வனிலா ஐஸ்கிரீம் வாங்கி ஃப்ரீசரில் வைத்தார்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? சளி கட்டினா அவரா வந்து தைலம் தேய்க்கப்போறாரு?" என்று ஃப்ரீசரை மறித்து நின்றாள் சிட்டாள். அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாத தம்பி, கடைக்குப் போகிற சாக்கில் நழுவிவிட்டார். ஐஸ்கிரீமுக்குப் பதிலாக மிளகு ரசம் வந்தது. ஒரு வாய் வைத்ததும் விசாலிக்குக் கண்ணீர் கொட்டியது.

"பாரு, எப்படிக் கபம் இளகுது!" என்றாள் மதினி.

வெள்ளிக்கிழமை பகல், கீழ்வீட்டு பஸீஹா நோயாளியைப் பார்க்க வந்தாள். சோபாவில் சிட்டாள் துவண்டு கிடந்தாள்.

"அல்லாஹ்! ஒங்கட மனசு ஆருக்கு வரும்? இப்பிடிப் பட்டினி கிடக்கிறீங்களே" என்று பஸீஹா அவளுக்கு விசிறிவிட்டாள். மூன்று நாளாக ஒன்றும் இறங்காத விசாலிதான் எழுந்துபோய் பஸீஹாவுக்குத் தேநீர் போட்டுவந்தாள்.

பஸீஹா போனபின் விசாலி படுத்தாள். பசி தூங்கவிடவில்லை. மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே சிட்டாள் தரையில் சம்மணமிட்டிருந்தாள். மடியில் ஐஸ்கிரீம் டப்பா, வாயில் கரண்டி.

"இது... பால்தானே விசாலி. விரதத்துக்குப் பால் ஆகும்."

விசாலிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்தவும் முடியவில்லை. எதிரே உட்கார்ந்து வாயை அகலத் திறந்து காட்டினாள். அந்த வாய்க்குள் இத்தனை நாளில் சிட்டாள் எட்டிப்பார்த்தது அதுவே முதல்தடவை. வெள்ளை வெள்ளையாகப் புண், ஓரத்தில் இரத்தம்.

"ஐயோ பாவி! இதுலயா நான் மிளகு ரசம் ஊத்தினேன்?"

அழுதுகொண்டே ஒரு கரண்டி ஊட்டினாள். எரிந்தது, ஆனாலும் இறங்கியது. இன்னொன்று ஊட்டினாள்.

அடுத்த கீமோ குறித்த நாளிலேயே நடந்தது. "ஐஸ்கிரீம் குடுக்கணும்னு மொதல்ல சொன்னதே நான்தான்" என்று சிட்டாள் ஆறு தளத்துக்கும் சொன்னாள். விசாலி மறுக்கவில்லை; அவள் வாயில் கரண்டி இருந்தது.